அந்த எண் யாருடையது?

அத்தான் வாட்ஸப்பில் அனுப்பிய போட்டோ கலங்கலாக இருந்தது. தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியின் ஐசியு வாசலில் நின்றபடி எடுத்தது. லேப் ரிப்போர்ட். கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "மாப்ள, நீ படிச்சவன். இதுல என்னா போட்டுருக்குன்னு பாத்து சொல்லு. டியூப் போடணும்னா கையெழுத்துப் போடச் சொல்றாங்க. செலவு பண்ணுனா பிரயோஜனம் இருக்கான்னு மட்டும் சொல்லு, போதும்."

நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். சென்னையில் வேலை. ஆனால் எங்கள் குடும்பத்தில் படிப்பு என்றால் எல்லாம் ஒரே படிப்புதான். இங்கிலீஷில் அச்சடித்து எது வந்தாலும் நான் படித்துச் சொல்ல வேண்டும். பேங்க் லெட்டர், பாஸ்போர்ட் ஃபாரம், இன்சூரன்ஸ் பேப்பர். அன்றைக்கு வந்தது அத்தையின் ரத்தம்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அம்மாப்பேட்டைப் பக்கம் வீடு. பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. ஆனால் நாற்பது வருஷம் நெல் அவித்தவள். முதல் நாளே ஊறப்போட்டு, விடியுமுன் கொல்லையில் அண்டாவை ஏற்றி, உமியும் கருவேல முள்ளும் போட்டு எரிப்பாள். அந்தப் புகைக்குள் உட்கார்ந்துதான் எனக்கு அவள் கதை சொன்னாள். அறுபது வயதுக்கு மேல் மார்கழி வந்தாலே இழுப்பு. ஊரில் அதற்குப் பெயர் இழுப்புதான். டாக்டர்கள் சிஓபிடி என்றார்கள், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். இது புகைபிடிக்கிற ஆண்களுக்கு வருவது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களைச் சோதித்து 2011இல் ஒரு ஆய்வு வந்தது. நூற்றில் இரண்டு பேருக்கு மேல் இந்த நோய் இருந்தது. அடுப்படியில் இருந்த பெண்கள்.

ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். பிஹெச் 7.22. ஆரோக்கியமான ரத்தத்தில் அது 7.35க்கும் 7.45க்கும் நடுவில் இருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு 88, மேல் வரம்பு 45. பைகார்பனேட் 35. இயோசினோஃபில் என்ற வெள்ளணு ஏறக்குறைய இல்லை. இதயம் படும் சிரமத்தைக் காட்டும் என்டி-புரோபிஎன்பி பல மடங்கு ஏறியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கூடுதல், குறைவு என்று குறி போட்டிருந்தார்கள். என் ஆபீஸில் டாஷ்போர்டு முழுக்கச் சிவப்பாக இருந்தால் எப்படிப் பார்ப்பேனோ அப்படித்தான் பார்த்தேன்.

தேடினேன். டிகாஃப் என்று ஒரு ஸ்கோர் இருக்கிறது, இங்கிலாந்தில் உருவாக்கி 2012இல் வெளியிட்டது. மூச்சுத்திணறல் எந்த அளவு, இயோசினோஃபில் குறைந்திருக்கிறதா, எக்ஸ்ரேயில் நிமோனியா தெரிகிறதா, ரத்தம் அமிலமாகியிருக்கிறதா, இதயத்துடிப்பு ஒழுங்கு தவறியிருக்கிறதா. ஐந்தே கேள்விகள், அதிகபட்சம் 6 மார்க். 3ஐத் தொட்டாலே அதிக ஆபத்து. அத்தைக்கு 4 வந்தது.

அத்தானுக்குப் போன் போட்டு, "சான்ஸ் ரொம்பக் கம்மி அத்தான்" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அப்ப வீட்டுக்கே கொண்டு போயிடலாம்ங்கிற?"

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

*

எங்கள் பக்கத்தில் 'வீட்டுக்குக் கொண்டு போறது' என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். குழாயையோ மாஸ்க்கையோ எடுத்துவிட்டு, வேன் பிடித்து, மூச்சு இருக்கும்போதே ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது. சொந்த வாசலில், சொந்த மனுஷர்கள் நடுவில் உயிர் போக வேண்டும் என்பது இங்கே பெரிய மரியாதை. அதில் அன்பு இருக்கிறது, பணக் கணக்கும் இருக்கிறது. இரண்டும் எங்கே பிரிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அத்தானுக்கு இருப்பது மூன்று மா நிலமும் நாலு ஆடும். அவர் கேட்டது கொடூரமான கேள்வி இல்லை. அந்தக் கேள்வியைத் தன் வாயால் முடிவு செய்ய அவரால் முடியவில்லை, அதனால் ரிப்போர்ட்டிடம் கேட்டார். நானும் பதிலை ரிப்போர்ட்டின் வாயில் வைத்தேன். பதில் சொன்னது எண், நானில்லை என்பதுபோல.

பிறகு பல மாதம் என்னைத் தொந்தரவு செய்தது இதுதான். ஒரு எண் ஒருவரைப் பற்றி என்ன சொல்ல முடியும்? அதை வைத்து நாம் எதை முடிவு செய்யலாம்?

டெல்டாக்காரர்களுக்கு ஒரு எண் வாழ்க்கையை முடிவு செய்வது புதிதில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீட்டரில் 19 காட்டினால் மூட்டை திரும்பும், அல்லது தார்ப்பாயை விரித்துக்கொண்டு ரோட்டோரம் காத்துக் கிடக்க வேண்டும். விவசாயி நெல்லைப் பல்லில் கடித்துப் பார்த்து "காஞ்சிருச்சுங்க" என்பார். மீட்டர் இல்லை என்னும். ஆனால் அந்த 17 வானத்திலிருந்து விழுந்ததில்லை என்பதும் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் 22 வரை ஏற்றுக்கொள்ளச் சொல்லிக் கேட்பார்கள். டெல்லியிலிருந்து குழு வந்து நெல்லைப் பார்த்துவிட்டுப் போகும். சில வருஷம் தளர்த்துவார்கள். நெல்லின் ஈரம் உண்மை. ஆனால் எந்த ஈரம் வரை வாங்குவது என்பது மனிதர்கள் எடுத்த முடிவு. அதனால்தான் கேட்க முடிகிறது, தளர்த்த முடிகிறது.

நானே இப்படி எண்களைப் பெற்றெடுப்பவன்தான். சர்வரின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டினால் அலாரம் அடி என்று எழுதியிருக்கிறேன். ஏன் 80? அதற்கு முன்னால் இருந்தவர் 80 என்று போட்டிருந்தார். அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்துப் புதிதாக வரும் பையன் அதை இயற்கை விதி மாதிரி நம்புவான்.

மருத்துவத்தின் வரம்புகள் இதைவிடப் பலமடங்கு கவனமாக உருவானவை. ஆனாலும் அவை யாருடைய உடம்பிலிருந்து வந்தன என்ற கேள்வி இருக்கிறது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வந்தது. 94க்குக் கீழே போனால் ஆபத்து என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அத்தையின் ஆக்சிமீட்டரில் 89 காட்டியபோது, "ஆக்சிஜனை ஏத்தச் சொல்லுங்க" என்று நானும் கத்தியிருக்கிறேன். ஆனால் சிஓபிடி நோயாளிக்கு இலக்கே 88 முதல் 92 வரைதான். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸில் ஏற்றிய 405 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2010இல் வெளிவந்தது. தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தவர்களில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள். அளந்து கொடுத்தவர்களில் 4 சதவீதம். 98 என்ற அழகான எண்ணைப் பார்க்க ஆசைப்பட்டு ஆளை இழக்க முடியும்.

அதேபோல 88 என்ற கார்பன் டை ஆக்சைடு. என் உடம்பில் அது 88 ஆக இருந்தால் நான் எப்போதோ மயங்கியிருப்பேன். அத்தையின் நுரையீரல் பல வருஷமாகவே முழுதாக ஊதித் தள்ள முடியாமல் காற்றைத் தேக்கி வைத்திருக்கிறது. அந்த அமிலத்தைச் சரிக்கட்ட அவளுடைய சிறுநீரகங்கள் பைகார்பனேட்டைச் சேர்த்து வைத்திருக்கின்றன. அந்த 35 அதற்குச் சாட்சி. நான் அதைச் சிவப்பு என்று மட்டும் படித்தேன். அது ஒரு உடம்பு பல வருஷமாகச் சமாளித்துக்கொண்டு வந்த கதை.

*

எண்ணின் இன்னொரு குணத்தை அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். நாம் எந்தக் கேள்வியைக் கேட்கிறோமோ அதற்குத்தான் அது பதில் சொல்லும்.

புரோகால்சிடோனின் என்று ஒரு புரதம். ஆரோக்கியமான ரத்தத்தில் மிகச் சொற்பமாக இருக்கும், பாக்டீரியா கிருமி பரவினால் ஏறும். வைரஸால் வந்த காய்ச்சலில் பெரும்பாலும் அவ்வளவு ஏறாது. ஆன்டிபயாடிக் தேவையா இல்லையா என்று தெரியாமல் தவிக்கிற டாக்டருக்கு இதைவிட நல்ல சேதி உண்டா? நெதர்லாந்தின் ஐசியுக்களில் இதை வைத்து ஆன்டிபயாடிக்கை எப்போது நிறுத்துவது என்று பார்த்தார்கள். 2016இல் முடிவு வந்தது. அளவு இறங்கியதும் நிறுத்தலாம் என்று வழிகாட்டப்பட்ட குழுவில் 28 நாளில் 20 சதவீதம் பேர் இறந்தார்கள். வழக்கமான முறையில் 25 சதவீதம். மருந்தும் மிச்சம், உயிரும் மிச்சம்.

பிரான்சில் அதே எண்ணிடம் வேறு கேள்வி கேட்டார்கள். மோசமான நிலையில் ஐசியுவுக்கு வரும் சிஓபிடி நோயாளிகள் 302 பேர், அதாவது அத்தை மாதிரி ஆட்கள். எண் குறைவாக இருந்தால் ஆன்டிபயாடிக்கைத் தொடங்காமலே இருக்கலாமா? 2018இல் வந்த முடிவில், எண்ணைப் பின்பற்றிய குழுவில் மூன்று மாதத்தில் 20 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், மற்றக் குழுவில் 14. வரும்போது ஏற்கெனவே ஆன்டிபயாடிக்கில் இல்லாதவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 31க்கு 12. அதே மூலக்கூறு, அதே மாதிரி மெஷின். நிறுத்தலாமா என்று கேட்டபோது உதவியது. தொடங்காமல் விடலாமா என்று கேட்டபோது கைவிட்டது.

அத்தையின் ரிப்போர்ட்டிடம் நான் கேட்ட கேள்வி, "பிழைப்பாளா?" டிகாஃப் மாதிரி ஸ்கோர்கள் ஓரளவு அதற்குப் பதில் சொல்லவே உருவானவைதான். ஆனால் யாருக்குச் சொல்லும்?

1866இல் ஜான் வென் என்ற ஆங்கிலேயத் தர்க்கவியலாளர் இந்த முடிச்சை எழுதி வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் கணங்களுக்கு வட்டம் போட்டோமே, அந்த வென். அவருடைய உதாரணத்திலும் ஒரு நுரையீரல் நோயாளிதான் வருகிறார். மதீரா தீவுக்குப் போகும் ஆங்கிலேயர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அந்த ஊர் ஒத்துக்கொள்ளாது என்று வைத்துக்கொள்வோம். காசநோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அந்த ஊர் நன்மை செய்யும் என்றும் வைத்துக்கொள்வோம். இப்போது காசநோய் உள்ள ஒரு ஆங்கிலேயர் போகலாமா? அவர் இரண்டு கூட்டத்திலும் இருக்கிறார். எந்தக் கூட்டத்தின் எண் அவருடையது?

அத்தை எந்தக் கூட்டம்? இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் ஸ்கோர் 4 வாங்கியவர்களா? எழுபது தாண்டிய பெண்களா? ஒரு சிகரெட்கூடப் பிடிக்காமல் புகையால் நோய்ப்பட்டவர்களா? முந்தாநாள் வரை ஆட்டுக்குத் தழை ஒடித்தவர்களா? ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு எண் இருக்கும். அதில் கைக்குக் கிடைத்த ஒன்றை எடுத்து அத்தை மேல் ஒட்டினேன்.

அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் 832 நோயாளிகளை வைத்து 2007இல் வெளிவந்த ஆய்வு. சிஓபிடியோ ஆஸ்துமாவோ முற்றி ஐசியு போன்ற பிரிவுகளில் சேர்ந்தவர்கள். ஆறு மாதம் உயிரோடு இருப்பார்களா என்று சேர்க்கும்போதே டாக்டர்களைக் கணிக்கச் சொன்னார்கள். சராசரியாக 49 சதவீதம் என்றார்கள். நிஜத்தில் 62 சதவீதம் பேர் இருந்தார்கள். இவர்கள் தேறவே மாட்டார்கள் என்று டாக்டர்கள் நினைத்த கடைசி ஐந்தில் ஒரு பங்கு நோயாளிகளுக்குக் கணிப்பு 10 சதவீதம், நடந்தது 40. அனுபவமுள்ள டாக்டர்களே இப்படி. அதோடு, பிரயோஜனமில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்பதை எந்த ஆய்வாலும் எண்ண முடியாது.

இதுதான் என்னைத் தூங்கவிடாத இடம். அன்றைக்கு ராத்திரி வேன் கிளம்பியிருந்தால் அத்தை வழியிலேயே இறந்திருப்பாள். நான் எண் சரியாகத்தான் சொன்னது என்று நினைத்திருப்பேன். ஆயுசுக்கும் எனக்குச் சந்தேகமே வந்திருக்காது. என் அலாரம் தப்பாக அடித்தால் சர்வர் ஓடிக்கொண்டே இருக்கும், தப்பு எனக்குத் தெரிந்துவிடும். இங்கே கணிப்பை நம்பி நாம் செய்வதே கணிப்பை உண்மையாக்கிவிடும்.

*

வேன் பேசியாகிவிட்டது. ஊரில் பெரியம்மா வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டார். கையெழுத்துப் போடப் போன அத்தானிடம் ட்யூட்டியில் இருந்த சின்ன வயது டாக்டர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். "அம்மா போன வாரம் வரைக்கும் எப்படி இருந்தாங்க? தானா குளிப்பாங்களா?"

"குளிக்கிறதா? முந்தாநாளு அதுதான் சார் ஆட்டுக்குத் தழை ஒடிச்சுது."

இதை யாரும் அவரிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அத்தை வரும்போதே அரை மயக்கத்தில் வந்தாள். படுக்கையில் கிடந்த உடம்பையும் ரிப்போர்ட்டையும்தான் எல்லாரும் பார்த்தார்கள். டாக்டர், "டியூப் போட வேண்டாம். மாஸ்க் வழியா காத்து தள்ளுறதை இன்னும் நாலஞ்சு மணி நேரம் விடாம பார்ப்போம். திரும்ப ரத்தம் எடுப்போம். ஏறலைன்னா அப்புறம் நீங்க முடிவு பண்ணுங்க" என்றார். அது அவர் கண்டுபிடித்ததில்லை. மாஸ்க் வென்டிலேட்டர் குழாய் போடும் தேவையையும் சாவையும் பாதிக்கு மேல் குறைக்கும் என்பது ஐரோப்பாவில் நடந்த ஆய்வில் 1995லேயே தெரிந்துவிட்டது. அவர் செய்ததெல்லாம் எண்ணிடம் வேறு கேள்வி கேட்டதுதான். பிழைப்பாளா என்று கேட்கவில்லை, எந்தப் பக்கம் நகர்கிறது என்று கேட்டார்.

விடியற்காலை நாலு மணிக்கு எடுத்த ரத்தத்தில் பிஹெச் 7.29. எட்டாம் நாள் வீட்டுக்கு வரும்போது 7.37, கார்பன் டை ஆக்சைடு 62. அந்த 62க்குப் பக்கத்திலும் கூடுதல் என்றுதான் குறி இருந்தது. அது அத்தையின் சாதாரணம்.

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் நோயாளிகளின் கேஸ் ஷீட்டுகள் படங்களோடு இருக்கின்றன. இருநூறு வருஷத்துக்கு முன்னால், ஒவ்வொரு ஆளுக்கும் தனியாகக் கண்ணை வரைந்து, என்ன செய்தோம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய காலம் மேல் என்று சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் அத்தை மூன்றாம் நாள் இறந்திருப்பாள். ஆனால் இந்த ஆள் நேற்று எப்படி இருந்தார் என்று எழுதும் இடம் ஒன்று வேண்டும். அது இல்லாவிட்டால் எந்த மார்க்கரும் பாதி வாக்கியம்தான்.

இங்கே நியாயமான ஒரு எதிர்வாதம் இருக்கிறது. அதைத் தட்டிவிட்டுப் போகக் கூடாது. எண் வேண்டாம், ஆளைப் பார் என்கிறாயே, ஆளைப் பார்த்தால் என்ன தெரியும்? கிழிந்த சேலை தெரியும், சாதி தெரியும், கூட வந்தவன் கையில் காசு இருக்கிறதா என்று தெரியும். எழுபது வயது விதவைக்காக எந்தக் குடும்பம் நிலத்தை அடகு வைக்கும்? அதே இடத்தில் மாமா படுத்திருந்தால் அத்தான் என்னிடம் பிரயோஜனம் உண்டா என்று கேட்டிருப்பாரா? ரத்தத்துக்கு இதெல்லாம் தெரியாது. பண்ணையாருக்கும் நடவாளுக்கும் 7.22 என்றால் 7.22தான். நம் கண்ணைவிட எண் நியாயமானது என்று சொல்ல நிறையவே காரணம் இருக்கிறது.

ஒப்புக்கொள்கிறேன். அத்தையைக் காப்பாற்றியதிலும் இரண்டாவது எண்ணுக்குப் பங்குண்டு. அவள் பிழைத்ததால் முதல் எண் பொய் என்றும் ஆகாது. நூறு பேரில் எழுபது பேர் இறப்பார்கள் என்றால் முப்பது பேர் இருக்கத்தான் செய்வார்கள், அவர்களில் யாராவது ஒருவர் யாருக்காவது அத்தையாக இருப்பார். எண் தன் வேலையைச் செய்தது. தப்பு என்னுடையது. செலவு செய்வதா, வலியில் வைத்திருப்பதா, விட்டுவிடுவதா என்பது அத்தானும் அப்பாவும் நானும் சேர்ந்து தூக்க வேண்டிய சுமை. அதை ரத்தத்தின் தலையில் தூக்கி வைத்தேன். எல்லாருக்கும் நிம்மதியாக இருந்தது.

எல்லாருக்கும் என்றால், ஒருத்தியைத் தவிர. மாசி மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அத்தை திண்ணையில் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. காப்பி குடித்து முடித்த பிறகு, "வேன் பேசுனீங்களாமே" என்றாள்.

எனக்குக் கை நடுங்கியது. மயக்கத்தில் இருந்ததாகத்தானே சொன்னார்கள்.

"காதுல விழுந்துச்சு. வாயி தொறக்க முடியல." கோபமாகச் சொல்லவில்லை. "வேன் ஏத்துறது தப்பில்லடா. எனக்கும் இங்கதான் போவணும். ஆனா என்னைய ஒரு வார்த்தை கேக்காம ஏத்தாதீங்க."

2018இல் உச்ச நீதிமன்றம், தன் சிகிச்சையை எந்தக் கட்டத்தில் நிறுத்த வேண்டும் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதைப் படித்தவன் நான். நண்பர்களோடு விவாதம்கூடச் செய்திருக்கிறேன். ஆனால் வருஷா வருஷம் மார்கழியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் அத்தையிடம் அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றியதே இல்லை. அன்றைக்குத் திண்ணையில் வைத்துக் கேட்டேன். ரொம்ப யோசிக்காமல் சொன்னாள். மாஸ்க் வைக்கலாம், ஒரு தடவை. தொண்டையில் குழாய் வேண்டாம். அப்புறம் அவளே சொல்லுவாள். அப்பா ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். கோர்ட் சொன்ன முறைப்படி அது செல்லுமா என்று யாரும் பார்க்கவில்லை.

அடுத்த ஐப்பசியில், நடவு முடிந்து மழை பிடித்த வாரத்தில், திரும்பவும் சேர்த்தோம். இந்தத் தடவை நானும் ஐசியு வாசலில் இருந்தேன். பிஹெச் 7.27. போன தடவையைவிட நல்ல எண். ஸ்கோரும் ஒன்று குறைவு. மாஸ்க் போட்டார்கள், ஏறவும் செய்தது. மூன்றாம் நாள் அவளே மாஸ்க்கைக் கையால் விலக்கி, அப்பாவைப் பார்த்து, "போதும் தம்பி, வேனைக் கூப்பிடு" என்றாள்.

அத்தான் என்னைப் பார்த்தார். என் போனில் அன்று காலை எடுத்த ரிப்போர்ட் இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை.